என்ன விசேஷம்?

அமெரிக்காவில் பிளைத் ஹில் என்றொரு பெண், 2009 டிசம்பரில் 31 நாளும் டிரெஸ்தான் போடுவேன் என்று விளையாட்டாக ஆரம்பித்தார். டிரெஸ்ஸையும் டிசம்பரையும் ஒட்டி ‘டிரெஸ்ஸெம்பர்’ என்று பேரும் வைத்தார். 2013இல் அது ஆள்கடத்தலுக்கு எதிராக நிதி திரட்டும் இயக்கமாகிவிட்டது. நமக்கு எதைப் போட்டாலும் டிரெஸ்தான் என்பதால் இதிலுள்ள கஷ்டம் சட்டென்று விளங்காது. அவர்கள் சொல்வது கவுனை. பனி கொட்டும் ஊரில் மாதம் பூராவும் கவுன் என்றால் அது விரதம் மாதிரி.

எனக்கும் ஆசை வந்தது. ஆனால் 46 வயதில் கவுன் மாட்டிக்கொண்டு கோயமுத்தூரில் ஒரு சிக்னலில் நின்றால் நிதி சேராது, கூட்டம்தான் சேரும். ஆகவே சேலை. பத்து வருஷமாகச் சுடிதாரில் ஆபீஸ் போகிறவள் நான். சேலை கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான். 31 நாளும் சேலை, ‘என்ன விசேஷம்?’ என்று கேட்பவர் ஆளுக்கு 50 ரூபாய் தர வேண்டும். இவ்வளவுதான் விதி.

பீரோவைத் திறந்தேன். சேலை அறுபது இருந்தது. உள்ளே நுழைய முடிகிற ஜாக்கெட் நான்கு. சேலை எத்தனை வருஷமானாலும் ஐந்தரை மீட்டர்தான். ஜாக்கெட் மட்டும் பீரோவுக்குள் இருந்தபடியே எப்படிச் சுருங்குகிறது என்று யாராவது ஆராயலாம். டைலர் அண்ணன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். “தையல் பிரிச்சு விட்டர்லாம்னா, பிரிக்க உள்ளார துணியே இல்லீங்க்கா.” புதிதாகப் பதினொன்று தைக்கக் கொடுத்தேன். ‘புதன்கிழமை’ என்றார். எந்தப் புதன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் நாள் நெகமம் காட்டன். டீ வருவதற்குள் ஆறு பேர் கேட்டுவிட்டார்கள், 300 ரூபாய். மேனேஜர் மட்டும், “ஏதாச்சும் ஃபங்ஷனுங்களா?” என்றார். காசு கேட்டால், தான் ‘விசேஷம்’ என்ற சொல்லையே உபயோகிக்கவில்லை என்று வாதாடினார். வரிக்கணக்கு பார்க்கிற ஆபீஸ், வேறெப்படி இருக்கும்? பக்கத்து வீட்டம்மா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பார்த்துவிட்டு, “விசேஷமா கண்ணு?” என்றார். அந்தக் கேள்விக்கு மட்டும் 100.

அத்தைக்குத்தான் ஆதங்கம். “சேலை கட்டறதுக்குக் காசு குடுக்கறாங்களா? நான் அம்பத்திமூணு வருஷமாக் கட்டீட்டு இருக்கறேன். எனக்கு எவ்வளவு வருதுன்னு கணக்குப் போட்டுச் சொல்லு.”

காசு வாங்கினால் காரணம் சொல்ல வேண்டுமே. ஆள்கடத்தல் என்றதும் எல்லோருக்கும் வெள்ளை வேனும் மயக்க மருந்துக் கைக்குட்டையும்தான் வருகின்றன. சினிமா அவ்வளவு வேலை செய்திருக்கிறது. வேன் வேண்டாம், கைக்குட்டையும் வேண்டாம். கையில் ஒரு முன்பணம், ஒரு பஸ் டிக்கெட் போதும். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் குடும்பத்தோடு சிக்கி மீட்கப்பட்டவர்களின் கதையைக் கிளறினால், அடியில் கிடப்பது பெரும்பாலும் ஒரு சின்னக் கடன்தான். கடனுக்காக ஆளைப் பிடித்து வைப்பது குற்றம் என்று 1976லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தாயிற்று. ஆசை காட்டி ஏமாற்றிக் கூட்டிப்போனாலும் கடத்தல்தான். ‘அவளாத்தான் வந்தா’ என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது.

இதைப் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு கோயமுத்தூரில் நின்று சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. இந்தப் பக்கத்து நூல் மில்களில்தான் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று ஓடியது. தென்மாவட்டத்துப் பெண் பிள்ளைகளை மூன்று வருஷம் மில் ஹாஸ்டலிலேயே வைத்து வேலை வாங்குவார்கள்; முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று வாக்கு. உடம்புக்கு முடியாமல் நடுவில் வீடு திரும்பியவர்கள் பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவில்லை. பேரைப் பார்த்தீர்களா, சுமங்கலி! நான் கொசுவம் மடிக்கிற நூலை நூற்றது யாரென்று ஜவுளிக்கடையில் கேட்டேன். “சாயம் போகாதுங்க” என்றார்கள்.

மாதக் கடைசியில் உண்டியலை உடைத்தால் 9,350 ரூபாய். ஜாக்கெட் கூலி, கஞ்சி, இஸ்திரி, இரண்டு டஜன் ஊக்கு எல்லாமாக என் கைக்காசு ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். “அந்த ஆறாயிரத்த நேரா அனுப்பியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். இத்தனை கூத்தடிச்சதுல என்ன விசேஷம்?” 50 வாங்கிவிட்டேன். 9,400 ஆக, கொத்தடிமை மீட்பு வேலை செய்கிற ஓர் அமைப்புக்கு அனுப்பினேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். 19ஆம் தேதி காலை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில், தேனி பஸ்ஸிலிருந்து ஐந்து பெண் பிள்ளைகள் இறங்கினார்கள். பதினைந்து வயதிருக்கலாம். ஆளுக்கொரு ஜவுளிக்கடைப் பை. கூட வந்தவர் ஐந்து ஆதார் அட்டைகளையும் தன் சட்டைப்பையில் வைத்திருந்தார். வேலைக்கா, கோயிலுக்கா, தெரியாது. அந்தப் பத்து நிமிஷத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் என்னிடம் வந்து என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளிடம், “எந்த ஊரு கண்ணு, எங்க போறீங்க?” என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான், சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்படி யாரையாவது பார்த்தால், கேட்க வாய் வராவிட்டால், 1098க்குப் போன் போடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். காசு கிடையாது.