மார்க்கோபோலோ வீட்டுக்கு ஒரு பதில் விஜயம்

மார்க்கோபோலோ என்னும் வெனிஸ் பட்டணத்து வர்த்தகர், சீனச் சக்கரவர்த்தியிடம் பல வருஷம் ஊழியம் பார்த்துவிட்டுக் கடல் மார்க்கமாக ஊர் திரும்புகையில், நம் பாண்டிய நாட்டுப் பக்கமும் எட்டிப் பார்த்தார். காயல் துறையில் வந்திறங்கும் குதிரைகளையும், கடலில் முத்துக் குளிப்பதையும், நாம் சதா வெற்றிலை மெல்லுவதையும், பாத்திரம் உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பதையும், போதாக்குறைக்கு, இந்த ஜனங்கள் சட்டையே போடாதபடியால் இங்கே தையற்காரனுக்கு வேலையே இல்லை என்பதையும் ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்து, 1298-இல் ஜெனோவாச் சிறையில் கூட இருந்த ஒருவரைக் கொண்டு எழுதியும் வைத்துவிட்டார். நம் ஊருக்கு ஒருவர் வந்து போனால், நாமும் அவர் வீட்டுப் பக்கம் ஒரு நடை போய் வருவதுதானே மரியாதை? எழுநூறு வருஷம் தாமதமானதற்கு நான் பொறுப்பல்ல. அந்தத் தையற்காரன் விஷயம் மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டிருந்ததால், புதிதாக இரண்டு கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு, சகதர்மிணி சமேதனாகப் புறப்பட்டேன்.

வெனிஸ் 118 தீவுகளின் மேல் கட்டிய பட்டணம். பாலங்கள் நானூறுக்கு மேல். வண்டி என்று ஒன்று ஊருக்குள் கிடையாது என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் பெட்டியையும் ஒவ்வொரு பாலத்துப் படியிலும் நானேதான் தூக்கி ஏற வேண்டும் என்ற தாத்பரியம் ஏழாவது பாலத்தில்தான் விளங்கிற்று. விடுதியின் விலாசத்தில் தெருப் பெயர் இல்லை. பேட்டையின் பெயரும், 4,000-த்துச் சொச்சம் என்ற ஓர் இலக்கமுமே இருந்தன. அவ்வூர்க்காரர்கள் பட்டணத்தை ஆறு பேட்டைகளாகப் பிரித்து, தெருவுக்குத் தெரு இலக்கம் போடுகிற வழக்கத்தை விட்டு, பேட்டை முழுவதற்கும் ஒன்றிலிருந்து தொடங்கி, சந்து பொந்தெல்லாம் நுழைந்து ஆயிரக்கணக்கில் ஓடும்படி போட்டிருக்கிறார்கள். அடுத்த இலக்கம் அடுத்த வீட்டிலும் இருக்கலாம், மூலை திரும்பி ஒரு கால்வாய்க்கு அப்பாலும் இருக்கலாம்.

வழி தவறுகிறவர்களுக்கென்றே சுவர்களில் மஞ்சள் பலகைகள் உண்டு. 'ஸான் மார்க்கோவுக்கு' என்று எழுதி அம்புக்குறியும் போட்டிருப்பார்கள். ஓரிடத்தில் அந்த அம்பு இடப்பக்கம் காட்டிற்று. அதன் அருகிலேயே இன்னொன்று, அதே ஸான் மார்க்கோவுக்கு, வலப்பக்கம் காட்டிற்று. இரண்டும் பொய்யல்ல என்பதுதான் இதில் விசேஷம். நாங்கள் இடப்பக்கம் போய், கொக்கு மூக்குப்போல ஒரு முழ நீளம் அலகு வைத்த முகமூடி தொங்கும் ஒரு கடை வாசலை அடைந்தோம். பிறகு வலப்பக்கம் போய்ப் பார்த்தபோதும் அதே முகமூடி எங்களை வரவேற்றது.

"என்னங்க, இதோட மூணாவது தடவை. கடைக்காரர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்" என்றாள் சகதர்மிணி.

அந்தக் கடைக்காரரிடமே வழி கேட்டேன். "ஸெம்ப்ரே த்ரித்தோ" என்றார், கையை நீட்டி. நேரே போ என்று அர்த்தம். அந்த நாலு நாளில் நான் வழி கேட்ட பாதிரியார், மீன்காரர், பள்ளிக்கூடப் பையன் அத்தனை பேரும் எனக்குச் சொன்ன பதில் இதுதான். இருபது அடிக்கு மேல் நேராகப் போகிற சந்து ஒன்றையும் அந்த ஊரில் நான் காணவில்லை. கோண்டோலாப் படகைக்கூட, ஒற்றைத் துடுப்பு வலப்பக்கம் விழுவதால், இடப்பக்கம் 24 சென்டிமீட்டர் அகலம் கூட்டிக் கோணலாகத்தான் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டினால்தான் நேராகப் போகுமாம். இதைக் கேட்ட பிறகு, அவ்வூரார் 'நேரே' என்று எதைச் சொல்கிறார்கள் என்பது ஒருவாறு புலப்பட்டது.

உயரத்திலிருந்து பார்த்தால் வழி தெரியுமென்று ஸான் மார்க்கோ மணிக்கூண்டின் மேல் ஏறினோம். 1902-இல் ஒரு நாள் காலை அது அப்படியே சரிந்து விழுந்தபோது காவற்காரரின் பூனையைத் தவிர வேறு உயிர்ச்சேதமில்லையாம். 1912-இல் அதே இடத்தில், அதே ஜாடையில் திரும்பக் கட்டிவிட்டார்கள். இத்தனை சிரமப்பட்டுக் கட்டிய கூண்டின் உச்சியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டியவரை சிவப்பு ஓட்டுக் கூரைகள் தெரிகின்றனவே ஒழிய, ஊருக்குள் ஓடும் கால்வாய் ஒன்றுகூடத் தெரியவில்லை.

இறங்கி, ஒரு காப்பிக் கடையில் நுழைந்தோம். உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை, நின்றுகொண்டு குடித்தால் வேறு விலை. சதுக்கத்தில், பிடில் வாசிக்கிறவர்களின் எதிரே உட்கார்ந்தாலோ சங்கீதத்துக்கென்று தனிக் கட்டணம். நாங்கள் சந்துக் கடையில் நின்றோம். கைக்குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவோமே, அந்த அளவு காப்பி வந்தது. பழக்கதோஷத்தால் அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டேன். ஒரே விழுங்கில் காப்பி தீர்ந்துவிட்டது. கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். மார்க்கோபோலோ சொன்னவற்றை அந்தக் காலத்து வெனிஸ்காரர்கள் கட்டுக்கதையென்று பரிகசித்ததாகச் சொல்லுவார்கள். இந்த ஒரு மனுஷராவது இனி அவரை நம்புவார்.

மூன்று நாள் தேடியும் அகப்படாத அவர் வீடு, நாலாம் நாள் ரயிலைப் பிடிக்க நேரே போய்க்கொண்டிருந்தபோது அகப்பட்டது. வீடு என்பது உபசாரத்துக்குச் சொன்னது. அது தீக்கிரையாகி, அவ்விடத்தில் பிற்காலத்தில் எழும்பிய நாடகசாலை ஒன்று நிற்கிறது. பக்கத்து முற்றத்துக்கு மட்டும், அவர் புத்தகத்துக்கு இத்தாலியர் இட்ட 'மிலியோனே' என்ற பெயரைப் போலவே, மிலியோன் முற்றம் என்று பெயர். அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் கட்டிய கொடியில் ஏழெட்டுச் சட்டைகள் உலர்ந்துகொண்டிருந்தன. நானும் மரியாதையாக என் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

அந்த முற்றத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான், 1271-இல் புறப்பட்டவர் 1295 வரை இருபத்துநான்கு வருஷம் ஏன் வீடு திரும்பவில்லை என்பது எனக்கு விளங்கிற்று. மனுஷர் தேசாந்திரம் போகவேண்டுமென்று கிளம்பியே இருக்கமாட்டார். ஏதோ சாமான் வாங்கக் கடைக்குப் போயிருப்பார், வழி கேட்டிருப்பார், ஒருவர் கையை நீட்டிச் சொல்லியிருப்பார், இவரும் பெரியவர்கள் வார்த்தையைத் தட்டாமல் போய்க்கொண்டேயிருந்திருப்பார், பீக்கிங் வருகிற வரைக்கும்.

மேல் ஜன்னலில் ஓர் அம்மாள் சட்டைகளை எடுக்க வந்தாள். ரயில் நிலையத்துக்கு வழி கேட்கலாமென்று நான் வாயைத் திறந்தேன். சகதர்மிணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்காதீங்க. அந்த முகமூடிக் கடைக்குப் போயிட்டா, அங்கேயிருந்து எனக்கு வழி தெரியும்."