பன்வில வட்டாரத்து அப்பிள் பருவமும் அப்பிள் குடிநீரும்: ஓர் ஆராய்ச்சி

அப்பிள் காய்க்காத ஊருக்கு அப்பிள் பருவம் உண்டா என்னும் வினா, கண்டி மாவட்டத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்த பன்வில வட்டாரத்தைப் பொறுத்தவரை அறிஞர்களால் இன்னும் உரியவாறு ஆராயப்படவில்லை. அப்பிள் மரம் குளிர்காலத்தில் உறங்கி எழுந்தாலன்றிச் செவ்வனே பூக்காது. அவ்வுறக்கத்துக்குப் பெரும்பாலான வகைகள் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிரில் 800 முதல் 1000 மணிநேரம் வரை வேண்டி நிற்க, பன்வில மார்கழி இரவோ ஒரு கம்பளிச் சட்டைக்கு மேல் எதையும் வேண்டுவதில்லை. ஆதலின் இங்கு அப்பிள் பருவம் இல்லை என்பர் தாவரவியலார். அது மரத்துக்குப் பொருந்துமேயன்றி மனிதர்க்குப் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

பருவம் எது என்பதில் மூன்று கட்சிகள் உள. வட அரைக்கோளத்தில் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரையும், தென் அரைக்கோளத்தில் பெப்ரவரி முதல் மே வரையும் பறிக்கப்படும் பழம், ஒட்சிசன் குறைத்த குளிர்க்கிடங்குகளில் மாதக்கணக்கில் காக்கப்பட்டுக் கப்பலேறி வருவதால், ஆண்டு முழுவதும் பருவமே என்பது கப்பற்கட்சி. நத்தார் வியாபாரமே பருவம் என்பது நடைபாதைக்கட்சி. இவ்விரண்டும் பழம் வரும் காலத்தைச் சொல்கின்றனவேயன்றி, அது வாய்க்குள் போகும் காலத்தைச் சொல்லவில்லை. ஆகவே மூன்றாவதாகிய நோய்க்கட்சியே கொள்ளத்தக்கது.

அதன் வாதம் வருமாறு. தமக்கென்று வாழைப்பழமும் கொய்யாவும் வாங்குவோர், அப்பிளைப் பிறர்க்கென்றே வாங்குகின்றனர். அப்பிறர் பெரும்பாலும் வைத்தியசாலையில் படுத்திருப்பவர். வெண்ணிற நுரை வலையும் ஒட்டுச்சீட்டும் களையாமல் கொடுப்பது இக்கொடையின் முதல் இலக்கணமாம். கஞ்சியும் இறங்காத நோயாளி அதைக் கடித்ததாகச் சான்றில்லை. கட்டிலருகே சிறு அலுமாரியின் மேல் அடுக்கப்பட்ட பழம், அவர் துண்டு வெட்டி வீடு திரும்பும்போது பையில் உடன் திரும்புகிறது. அங்கே தோலில் முதல் சுருக்கம் விழும் நாளே அப்பிள் பருவத்தின் தொடக்கமாகும்.

மலைநிலமாகிய குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது என்பது தொல்காப்பிய மரபாதலின், நோயைப் பொழுதாகக் கொள்வது இலக்கணத்தோடு முரணும் எனின், முரணாது. என்னை, வடகீழ்ப் பருவக்காற்று மழையும் பனியும் கொண்டுவரும் அதே மாதங்களிலேயே சாரலில் தடிமலும் இருமலும் பெருகுவதால், பொழுதும் நோயும் ஒருங்கே வந்து பழத்தைக் கூட்டுகின்றன.

இனிக் குடிநீர். சரக்கை நீரிலிட்டுக் காய்ச்சி வடித்தது குடிநீர் எனப்படும். ஐரோப்பியர் குளிர்காலத்தில் அப்பிள் சாற்றில் கறுவாவும் கராம்பும் இட்டுச் சுடவைத்துப் பருகுவர். அங்கே பழம் உள்ளூர், சரக்கு கப்பலில் வந்தது. பன்விலவில் இம்முறை தலைகீழாகிறது. கறுவா இலங்கைக்கே உரியது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது. கராம்பும் சாதிக்காயும் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து பரவியவையாயினும், கண்டி, மாத்தளை வீட்டுத்தோட்டங்களில் நிரந்தர வதிவிடம் பெற்றுவிட்டன. ஏலமோ, 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நக்கிள்ஸ் காட்டின் நிழலிலேயே நெடுங்காலம் பயிரிடப்பட்டது. ஆகவே கோப்பையில் விருந்தாளி அப்பிள் ஒன்றே. ஏனைய எல்லாம் வீட்டார்.

நான்கு பழங்களைத் தோலோடு நறுக்கி, ஒரு லீற்றர் நீரில், இரண்டு அங்குலக் கறுவாப்பட்டை, நான்கு கராம்பு, தட்டிய இஞ்சித் துண்டு ஆகியவற்றுடன் சிறுதீயில் அரைமணி நேரம் விடவேண்டும். நறுக்கிய துண்டு காற்றுப் பட்டுப் பழுப்பாவது நொதியத்தின் செயல். எப்படியும் நிறம் மாறப்போகும் குடிநீரில் அதற்காக வருந்துவது வீண். கராம்பு கூடினால் அதன் யூஜினோல் நாவை மரக்கச் செய்து, மேற்கொண்டு ஆராய்ச்சிக்கு இடமில்லாமற் செய்யும். ஏலத்தின் மணம் ஆவியோடு போய்விடும் இயல்பினதாதலின், இறக்கும் தறுவாயில் இரண்டு காயைத் தட்டிப் போட்டு மூடிவிடுதல் நெறி.

இனிப்பில்தான் பெரும் பிணக்கு. கித்துள் கருப்பட்டியைப் பானைக்குள் கரைக்கவேண்டும் என்பார் கரைப்பினர். சாயத்தண்ணிக்குச் செய்வதுபோல் ஒரு கடி கடித்து ஒரு மிடறு குடிக்கவேண்டும் என்பார் கடிப்பினர். கரைத்தால் எல்லார்க்கும் சமம். கடித்தால் பல் உள்ளவர்க்கே இனிப்பு. எனினும் கருப்பட்டி விலையை நோக்குமிடத்துக் கடிப்பினர் கொள்கையே சிக்கனமானது.

இக்குடிநீர், குணமானவரை நலம் விசாரிக்க வருவோர்க்கு வழங்கப்படுவதால், கொடுத்தவரே கொண்டதைக் குடித்துச் செல்லும் அரிய பொருளாதாரச் சுழற்சி நிறைவுறுகிறது. விதிவிலக்கு ஒன்றுண்டு: சுருக்கம் விழாத பழம் வலையோடு அடுத்த நோயாளிக்குப் போகும், விழுந்தது மட்டுமே அடுப்புக்கு வரும். எது எவ்வகையென விரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யும் அதிகாரம் வீட்டிலுள்ள பாட்டியார்க்கே உரியது; அத்தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை.