மாமாவின் ஏ40 எங்கே, இவை எங்கே

பாரிஸ்
18.03.2002

அன்புள்ள மாமாவுக்கு,

 

பாரிஸ் சனம் பொழுதுபோக்குக்கு என்ன செய்யும் எண்டு போன கடிதத்தில கேட்டிருந்தீங்கள். காசு குடுத்து வெடிச்சத்தம் கேட்பினம். பகிடி இல்லை மாமா, சனிக்கிழமை நானே போய்க் கேட்டுட்டு வந்தனான்.

பாரிசுக்குக் கிழக்கால மார்ன்-லா-வலே எண்டொரு இடம். டிஸ்னிக்காரர் 1992இல அங்க ஒரு பூங்கா திறந்தவை. இப்ப அதுக்குப் பக்கத்திலேயே சினிமா எடுக்கிற விதத்தைக் காட்டுறதுக்கெண்டு இன்னொண்டு கட்டி, மார்ச் 16 திறந்திருக்கினம். கார், மோட்டார் சைக்கிள், துவக்கு, நெருப்பு எல்லாத்தையும் வைச்சு, கண்ணுக்கு முன்னால ஆக்கள் நேரடியாச் செய்யிற சாகசக் காட்சிதான் அதில பெரிய கதை. திறந்த அண்டைக்குப் பின்னேரக் காட்சிக்குப் போய் இருந்தம்.

என்ரபாட்டில நான் போயிருக்க மாட்டன். என்னோட வேலை செய்யிற கொக்குவில் அண்ணைக்குச் சின்னப் பெடியன் ஒருத்தன். கார் பாயுறதைப் பார்க்காட்டிச் சாப்பிட மாட்டன் எண்டு நிண்டிட்டான். அண்ணைக்குப் பிரெஞ்சு குசினிக்கு வெளியால ஓடாது, அதால என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சனிக்கிழமை ரெஸ்ரோரண்டில லீவு கேட்கிறது, முதலாளியிட்டப் போய் அவற்ற மகளைப் பொம்பிளை கேட்கிற மாதிரி. கேட்டம், முறைச்சார். பிறகு வாற ஞாயிறு கூடக் கோப்பை கழுவித் தாறம் எண்டு பேசித் தீர்த்தம்.

டிக்கெட் எடுக்கிற இடத்தில அண்ணை ஒரு காட்சி காட்டினார். வருசம் பிறந்ததிலயிருந்து இங்க ஈரோக் காசு, பிராங் மாசி 17ஓட செத்துப் போச்சு. அண்ணைக்கு இன்னும் சாகேல்லை. ஈரோவை 6.56ஆல பெருக்கிப் பிராங்காக்கி, அதைப் பிறகு எங்கட ரூபாவாக்கி, அதில எத்தினை மூட்டை அரிசி வாங்கலாம் எண்டு முடிவு காணும் மட்டும் பின்னால நிண்ட சனம் பொறுமையா நிண்டுது. வெள்ளைக்காரர் வரிசையில நிக்கிறதில கெட்டிக்காரர்.

உள்ளுக்கை பெரிய திறந்த அரங்கு. மூவாயிரம் பேர் வரை இருக்கலாமாம். முன்னால தென்பிரான்சுக் கடற்கரை ஊர் ஒண்டைக் கட்டி வைச்சிருக்கினம். சந்தை, கோப்பிக் கடை, மாடம் வைச்ச வீடுகள், யன்னலில பூச்சட்டி. அண்ணை நல்லா உத்துப் பார்த்துட்டுச் சொன்னார்: "சண்டை நடக்கிற ஊராம், எல்லா வீட்டுக்கும் கூரை இருக்கு. ஒரு மதிலில ஒரு சன்னம் பட்ட ஓட்டை இல்லை. ஆரடா இதைக் கட்டினவன்?"

கட்டினவனை எனக்குத் தெரியாது. ஆனால் சாகசத்தை அமைச்சவர் ரெமி ஜூலியன். பேர் தெரியாட்டியும் அவற்ற வேலை உங்களுக்குத் தெரியும். ஜேம்ஸ் பொண்ட் படம் ஒண்டில, 'ஃபோர் யுவர் ஐஸ் ஒன்லி', ஒரு மஞ்சள் நிறத் தகரடப்பாக் கார் மலையால உருண்டு புரண்டு தப்பிப் போகுமே? அந்த ஓட்டமெல்லாம் அவற்ற கைவேலைதான். ஆள் முதல் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரன். இப்ப எழுபது தாண்டிட்டுது.

காட்சி தொடங்கிச்சுது. சிவப்பு ஓப்பல் கோர்சா ஒண்டு, அதைக் கலைச்சுக் கொண்டு கறுப்புக் கார்கள். மாமா, குறை சொல்ல ஏலாது. சந்தைச் சதுக்கத்துக்குள்ள ஆளை ஆள் விலத்திச் சுழண்டு வருகினம், ரெண்டு காருக்கு இடையில ஒரு சாண் இடைவெளிதான். ரயர் எரிஞ்ச மணம் எங்கட வரிசை மட்டும் வந்துது. ஒவ்வொரு துண்டும் முடிய, அதைக் கமரா எப்பிடிப் பிடிச்சுது எண்டு பெரிய திரையில போடுறாங்கள். பாட்டும் சேர்த்து வெட்டி ஒட்டினால் அதே ஓட்டம் பத்து மடங்கு பயங்கரமாத் தெரியுது. சினிமாக்காரர் எங்களை எவ்வளவு காலமா ஏமாத்தினவை எண்டு அப்பதான் விளங்கிச்சுது.

பிறகு சிவப்புக் கார் பின்பக்கமாவே வேகமா வந்து, லொறிகளுக்கு மேலால பறந்து அங்கால விழுந்துது. சனம் எழும்பி நிண்டு கத்துது. உடன அறிவிப்பாளர் குட்டை உடைச்சார். அந்தக் காருக்கு உடம்பைத் திருப்பிப் பூட்டியிருக்கினமாம். எங்களுக்குத்தான் அது பின்பக்கம், உள்ளுக்கை இருக்கிறவர் நேராப் பார்த்துத்தான் ஓடி வாறார்.

நான் அண்ணைக்கு உங்கட கதையைச் சொன்னன். ஹெலி சுட வந்த அண்டைக்குச் சந்தியில இருந்து எங்கட ஒழுங்கை முடியும் மட்டும் உங்கட ஏ40 காரை றிவேர்ஸில கொண்டு வந்தீங்கள், நினைவிருக்கோ? உடம்பு திருப்பிப் பூட்டின காரோ அது? உங்கட கழுத்தைத்தான் திருப்பிப் பூட்டினது. மாமி நல்லெண்ணெய் போட்டு உருவினவ. பெற்றோல் இல்லாத காலம். சின்னப் போத்திலால ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டிக் காரை உசுப்பிட்டு, பிறகு மண்ணெண்ணெயில ஓடினனீங்கள். அந்தப் புகையில ஹெலிக்காரனுக்குக் கார் என்ன, ஒழுங்கையே தெரிஞ்சிராது. ஓப்பல்காரனை மண்ணெண்ணெயில ஒருக்கா ஓடச் சொல்லுங்கோ பார்ப்பம்.

வெடி தொடங்கினதும் எங்கட பக்கத்தில இருந்த பிரெஞ்சுக் கிழவி காதைப் பொத்தினா. அண்ணை காதைத் தீட்டினார். எனக்கு வாய் ஓயாமல் விளக்கம் தந்தார்: "இது வெறும் காஸ். சத்தம் பெரிசு, நெஞ்சில இடிக்கேல்லை. ஷெல் எண்டால் முதல் குத்துற சத்தம், பிறகு கூவல், பிறகுதான் விழும். இங்க விழுந்த பிறகு சனம் கூவுது. முறை பிழை." துவக்குச் சத்தத்துக்கும் புள்ளி போட்டார், பாஸ் மார்க் குடுக்கேல்லை. கிழவி இவரைத் திரும்பிப் பார்த்து, பயமாயிருக்கோ எண்டு கேட்டா. அண்ணை தன்ர குசினிப் பிரெஞ்சில, "இல்லை மதாம், பழக்கம்" எண்டார். இவரும் சினிமாவில சண்டை செய்யிறவராக்கும் எண்டு நினைச்சிருப்பா, அதுக்குப் பிறகு மரியாதையாப் பார்த்தா.

ஒரு இடத்தில மோட்டார் சைக்கிள்காரன் விழுந்து தீப்பிடிச்சு எரியிறான். உடுப்புக்குள்ள உடுப்பு, தோலில குளிர்க்களி பூசியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும். அணைக்கிற ஆக்கள் கையில குழாயோட ஓரத்தில நிக்கிறதும் தெரியுது. அணைச்ச பிறகு அவன் எழும்பிக் கையை ஆட்டினான். அரங்கு முழுக்கக் கை தட்டிச்சுது. அண்ணை தட்டேல்லை. பெடியன் முகத்தைப் பார்த்தான், பிறகு தட்டினார். அடுத்த காட்சியில உந்த மாமா திரும்பியும் எரிவாரோ எண்டு பெடியன் கேட்டான். எரிவார், நாளைக்கும் எரிவார், எரிஞ்சிட்டு வீட்ட போய்ச் சாப்பிடுவார் எண்டு அண்ணை சொன்னார்.

வரேக்க ரெயிலில பெடியன் நித்திரை. அண்ணையும் நானும் 95ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஐப் பற்றிக் கதைச்சுக் கொண்டு வந்தம். ஆமி வருகுதெண்டு ஊர் முழுக்க ஒரே இரவில வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, செம்மணியால நாவற்குழிப் பாலத்துக்குப் போனம் அல்லே. மழை. அந்தச் சனத்துக்குள்ள ஏ40ஐ முதல் கியரில விடியும் மட்டும் உருட்டினீங்கள். உள்ளுக்கை ஆச்சியும் நாங்களும் அடைஞ்சு கிடந்தம். டிக்கியில அரிசி, மேல தையல் மெசின், மாமியின்ர மடியில அடைக்கோழி. முன்னால நடந்தவன்ர குதிக்காலில ஒருக்காலும் முட்டேல்லை. ஒருக்காலும் என்ஜினை நூரவிடேல்லை, நூர்ந்தால் பிறகு பெற்றோல் சொட்டுக்கு எங்க போறது? ஜூலியன் வேகத்துக்குத்தான் ராசா. அந்த மெதுவை அவரும் செய்திருக்க மாட்டார் எண்டது அண்ணையின்ர தீர்ப்பு. உங்களை ஒருக்காலும் காணாத மனுசன், நினைச்சுக் கொள்ளுங்கோ.

உங்களுக்கு இங்க வேலைக்கு எழுதிப் போடச் சொல்லியும் ஆலோசனை சொன்னார். லைசென்சைக் கேட்பாங்களே எண்டன். அது சாவகச்சேரியில துலைஞ்ச கதையைச் சொன்னதும் அண்ணை யோசிச்சார். "அப்ப அகதி விண்ணப்பத்தோட சேர்த்துக் குடுக்கலாம், அங்க ஒண்டும் இல்லாட்டியும் எடுப்பாங்கள்" எண்டார்.

போர்நிறுத்த ஒப்பந்தம் போன மாதம் கையெழுத்தாகினதிலயிருந்து இங்க லாச்சப்பல் தமிழ்க் கடையளில வேற கதையே இல்லை. ஏ9 பாதை திறக்கப் போகினமாம், மெய்யோ? திறந்தால் முதல் கிழமையே வெளிக்கிட்டு வவுனியா வரைக்கும் ஓடிப் பார்ப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியும். உண்டியலில காசு போட்டிருக்கிறன், இந்தக் கிழமைக்குள்ள ஆள் வரும். அதில நாலு ரயர் வாங்குங்கோ. மூண்டு வாங்கிட்டு மிச்சத்துக்குப் பழசைப் போட்டு ஓட்டுவம் எண்டு நினைக்க வேண்டாம், மாமிக்கும் தனியா எழுதியிருக்கிறன்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மருமகன்