பெங்கால்காரர்

பெங்கால் பூனை வளர்க்கிறவரை அடையாளம் காணப் பூனை கூட இருக்க வேண்டியதில்லை. முழங்கைக்குக் கீழே பார்த்தால் போதும். பழைய கீறல், போன வாரக் கீறல், இன்று காலைக் கீறல் என்று வரிசையாக இருக்கும். குளிர்காலத்திலும் அரைக்கைச் சட்டைதான் போடுவார். யாராவது "என்னங்க இது?" என்று கேட்க வேண்டுமே! கேட்டுவிட்டீர்களோ, அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை கிடையாது.

என் மாப்பிள்ளை அந்த இனம். பூனையைச் சொல்லவில்லை, அவரைத்தான் சொல்கிறேன். கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறார். சாதுவான மனிதர். கல்யாணமான புதிதில் என் எதிரே நாற்காலியில் உட்காரவே கூச்சப்படுவார். அவருடைய கைபேசியைத் திறந்தால் முன்பெல்லாம் என் மகள் சிரித்துக்கொண்டிருப்பாள். இப்போது உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒன்று முறைக்கிறது.

போன செப்டம்பரில் ஆறு மாதம் தங்கிவரலாம் என்று நானும் மனைவியும் போயிருந்தோம். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு முக்கால் மணி நேரம். "பயணம் சௌகரியமா இருந்துதா மாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். மீதி நேரம் முழுக்கப் பூனைதான்.

"ரொம்பக் கஷ்டம் மாமா. ஒரு நிமிஷம் சும்மா உக்கார விடமாட்டான். ஃப்ரிட்ஜைத் திறந்துடறான். போன வாரம் அடுப்புக்கு மேல இருக்கற அலமாரிக்குள்ள போய்ப் படுத்துட்டான். ராத்திரி முழுக்கத் தேடினோம்."

வார்த்தைதான் புகார். முகம் வேறு மாதிரி இருந்தது. மாவட்டத்தில் முதலாவதாக வந்த பையனின் அப்பா, "எங்கங்க படிக்கறான், எப்பப் பாரு கிரிக்கெட்டு" என்று அலுத்துக்கொள்வாரே, அந்த முகம். பெங்கால்காரர் பூனையை நேராகப் புகழவே மாட்டார். எல்லாம் குறையாகத்தான் வரும். பதிலுக்கு நாம் "ஐயோ பாவம்" என்று சொல்லக் கூடாது, "அடேயப்பா!" என்று சொல்ல வேண்டும். இது தெரியாமல் என் மனைவி, "அவ்வளவு சிரமமா இருந்தா யாருக்காவது குடுத்துடுங்களேன், மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டாள். அடுத்த மூன்று சிக்னல் வரை காரில் பேச்சே இல்லை.

பூனையின் பெயர் கங்கைகொண்டான். வங்காளம் வரை படை அனுப்பி ஜெயித்த ராஜேந்திர சோழனின் பட்டப்பெயரை, வங்காளத்தின் பேரைத் தாங்கிய பூனைக்கே வைத்திருக்கிறார். சரித்திரம் இதை ஒப்புமா என்று கேட்டேன். "அவன் பாத்ரூமுக்குள்ள போறதை ஒரு தடவை பாருங்க மாமா, அப்பறம் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். பெயர் சரிதான்.

பூனை என்றால் தண்ணீரைக் கண்டு ஓடும் என்று அறுபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். திண்ணையில் படுத்த பூனையை விரட்ட ஒரு சொம்புத் தண்ணீர் போதும், எங்கள் ஊரில். இவனுக்குத் தண்ணீர்தான் தாய்வீடு. குழாயைக் காலால் தட்டித் திறப்பான், மூடத் தெரியாது. நான் குளிக்கும்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை மெதுவாக உள்ளே வரும். அப்புறம் இன்னொரு கை. அப்புறம் தலை. மனிதன் துண்டில்லாமல் நிற்கிற நேரத்தில் ஒரு சிறுத்தை முகத்தோடு கண்ணுக்குக் கண் பார்ப்பது எப்படி இருக்கும் என்று விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கழிப்பறை மூடியைத் திறந்து வைத்தால் அதற்குள்ளும் அளைவான். ஆகவே அந்த மூடிக்கு ஒரு பூட்டு. ஃப்ரிட்ஜுக்கு ஒரு பூட்டு. சமையலறை அலமாரி ஒவ்வொன்றுக்கும், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் மாட்டுவார்களே, அந்தக் கொக்கி. பூனை நாலே நாளில் கற்றுக்கொண்டதாம். ஒரு டம்ளர் மோர் எடுக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

பெங்கால்காரர் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜாதகம் வரும். மாப்பிள்ளை ஒரு ஃபைலை எடுத்து வந்தார். தாய் வழி, தந்தை வழி, தாத்தா, கொள்ளுத்தாத்தா. என் வம்சத்திலேயே எனக்குக் கொள்ளுத்தாத்தா வரைதான் தெரியும். மூவாயிரம் டாலர் கொடுத்து வாங்கினாராம். தரும்போது பூனைக்காரி அவரையே அரை மணி நேரம் நேர்முகத் தேர்வு செய்தாளாம். நான் பெண் கொடுக்கும்போது அவ்வளவு கேட்கவில்லை.

"காட்டு ரத்தம் மாமா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

கதை இதுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்காசியா வரைக்கும் காடுகளில் சிறுத்தைப் பூனை என்று ஒன்று இருக்கிறது. வீட்டுப் பூனை அளவுதான், மேலே சிறுத்தைப் புள்ளி. அதன் அறிவியல் பெயரில் 'பெங்காலென்சிஸ்' என்று வரும். பெங்கால் என்ற பெயர் அங்கிருந்து வந்ததே தவிர, கல்கத்தாவுக்கும் இவனுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. 1963இல் அமெரிக்காவில் ஜீன் மில் என்ற அம்மாள், தான் வளர்த்த சிறுத்தைப் பூனைக்குத் துணையாக ஒரு கறுப்பு ஆண்பூனையை விட, ஒன்றும் நடக்காது என்று நினைத்த இடத்தில் குட்டி பிறந்துவிட்டது. பிறகு நீண்ட இடைவெளி. பூனைகளுக்கு வரும் ரத்தப்புற்றை ஆராய்ந்துகொண்டிருந்த வில்லார்ட் சென்டர்வால் என்ற விஞ்ஞானியும் இதே மாதிரிக் கலப்புக் குட்டிகளை உண்டாக்கியிருந்தார். 1980 வாக்கில் அவற்றில் சிலவற்றை அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். முதல் மூன்று தலைமுறை ஆண்பூனைகளுக்குப் பெரும்பாலும் வாரிசு கிடையாது. நாலாவது தலைமுறையிலிருந்துதான் வீட்டுப் பூனை என்று கணக்கு. ஹவாயில் அதுவும் செல்லாது, அங்கே இந்த இனத்துக்கே அனுமதியில்லை. "எங்களால ஹவாய்ல போய்க் குடியிருக்க முடியாது மாமா" என்று மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். அவருக்கு ஹவாயில் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

ஜாதகத்தில் ஒரு சங்கதியை மட்டும் அவர் வேகமாகத் தாண்டினார். நான் விடவில்லை. 1982இல் ஜீன் மில் டெல்லி மிருகக்காட்சிசாலைக்குப் போயிருந்தபோது, காண்டாமிருகத்தின் அடைப்புக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒரு அநாதைப் பூனைக்குட்டியைப் பார்த்திருக்கிறார். தங்கத்தைத் தூவினாற்போல மினுமினுக்கும் ஆரஞ்சு ரோமம். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், 'மில்வுட் டோரி ஆஃப் டெல்லி' என்று துரை மாதிரி ஒரு பெயர் வைத்து வம்சத்தில் சேர்த்துவிட்டார். இன்றைக்குப் பெங்கால் பூனைகளின் முதுகில் வெயில் பட்டால் மின்னுகிறதே, அந்த மினுக்கு டெல்லிச் சீதனம்.

"அப்ப, மூவாயிரம் டாலர்ல பாதி நம்ம ஊர்த் தெருப்பூனைக்குத்தான் குடுத்திருக்கீங்க, மாப்பிள்ளை" என்றேன். ஃபைலை மூடி வைத்துவிட்டார்.

காட்டு ரத்தத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இரண்டு வருஷம் கணக்கு எழுதினேன். ஓர் இரவு மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் ஒரு சிறுத்தைப் பூனை பாதையைக் கடந்தது. நின்றது. என்னைப் பார்த்தது. இந்த ஆளால் பிரயோஜனம் இல்லை என்று முடிவு செய்ததுபோலப் புதருக்குள் போய்விட்டது. இரண்டு வருஷத்தில் எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். கங்கைகொண்டானோ, நான் பேப்பர் படித்தால் பேப்பர் மேல், சாமி கும்பிட்டால் தோள் மேல். காட்டிலிருந்து இவனுக்கு வந்திருப்பது புள்ளியும் பாய்ச்சலும். யாருமில்லாமல் தனியே இருக்கும் குணம் மட்டும் வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

விடியற்காலை நாலு மணிக்குக் 'கடகட' என்று ஒரு சத்தம். முதல் நாள் நிலநடுக்கம் என்று நினைத்து மனைவியை எழுப்பிக் கட்டிலுக்கடியில் போகச் சொன்னேன். கூடத்தில் ஓர் ஆள் உயரச் சக்கரம். அதற்குள் கங்கைகொண்டான் ஓடிக்கொண்டிருந்தான். செக்கு மாதிரிதான், எண்ணெய் மட்டும் வராது. பக்கத்தில் மாப்பிள்ளை அரைக்கண்ணில் உட்கார்ந்து, இறகு கட்டிய குச்சியை ஆட்டி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். ஓட விடவில்லையென்றால் ஊளை. அதைப் பூனைக் கத்தல் என்று சொல்ல முடியாது. கைக்குழந்தை அழுகைக்கும் கோயில் சங்குக்கும் நடுவில் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே குருவியைக் கண்டால் அதுவும் மாறி, பல்லி கொட்டுகிற மாதிரி 'டக்கு டக்கு' என்று தாடையை ஆட்டுவான்.

"பேசறான் மாமா."

"என்ன சொல்றான்?"

"அதான் தெரியலை" என்றார், அவ்வளவு கவலையாக.

மாலையில் வாரும் கயிறும் மாட்டி நடைக்குக் கூட்டிப்போவார். நாயென்றால் நாம் நடப்போம், அது கூட வரும். இங்கே பூனை நிற்கும், நாமும் நிற்போம். ஒரு மணி நேரத்தில் நாலு வீடு தாண்டினால் நல்ல நாள். ஆனாலும் பெங்கால்காரரின் பொற்காலம் அந்த ஒரு மணி நேரம்தான். எதிரே வருகிற வெள்ளைக்காரர் யாராவது நின்று, "இது சிறுத்தைக்குட்டியா?" என்று கேட்பார். மாப்பிள்ளை உடனே "இல்லை" என்று சொல்ல மாட்டார். இரண்டு விநாடி அப்படியே விடுவார்.

கொல்லைப்புறத்தில் கம்பி வலையடித்து, உள்ளே மரப்படி, ஊஞ்சல் எல்லாம் வைத்து ஒரு கூடம் கட்டியிருந்தார். "பின்னாடி கேட்டியோ வந்து பாருங்க மாமா" என்று கூப்பிட்டார். "நான் ஒண்ணும் கேக்கலையே, மாப்பிள்ளை" என்றேன். கேட்டியோ என்பது பூனைக்குக் கட்டும் முற்றத்தின் பெயராம். நாங்கள் இரண்டு பேரும் தங்கிய அறையைவிட அது காற்றோட்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் இரண்டு பெங்கால்காரர்கள் வருவார்கள். ஒருவர் ஆந்திரா, ஒருவர் மெக்சிகோக்காரர். மூன்று பேரும் சட்டைக்கையை ஏற்றிக்கொள்வார்கள். "என்னோடது புது சோஃபாவைக் கிழிச்சிடுச்சு" என்பார் ஒருவர். "அவ்வளவுதானா? என்னோடது விளக்கு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறது, ராத்திரி ரெண்டு மணிக்கு" என்பார் அடுத்தவர். யாருக்கு நஷ்டம் அதிகமோ அவர் ஜெயித்தவர். மெக்சிகோக்காரரின் பூனை கல்யாண மோதிரத்தை எங்கோ கொண்டுபோய் ஒளித்துவிட்டதாம். மற்ற இரண்டு பேரும் பேச்சற்றுப் போய்ப் பொறாமையோடு பார்த்தார்கள்.

நவராத்திரி வந்தது. என் மகள் ஏழு படி கொலு வைத்தாள். பத்துப் பதினைந்து குடும்பம் வரும் என்பதால் கங்கைகொண்டானைப் படுக்கையறையில் அடைத்தோம். அந்த வீட்டுக் கதவுகளுக்குக் குமிழ் கிடையாது, கீழே அழுத்தினால் திறக்கும் கைப்பிடிதான். இதை யாருமே யோசிக்கவில்லை, அவனைத் தவிர.

பெண்கள் உட்கார்ந்தாயிற்று. சுண்டல் வந்தாயிற்று. ஒரு சிறுமி, "அம்மா, அந்தப் புலி பொம்மை கண்ணு சிமிட்டுது" என்றாள். மேல்படியில் கலசத்துக்குப் பக்கத்தில், தசாவதாரத்தில் பதினோராவதாக உட்கார்ந்திருந்தான். எப்போது ஏறினான், யாருக்கும் தெரியாது. ஒரு மாமி கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். மேல் ஸ்தாயிக்குப் போனபோது மேல்படியிலிருந்தும் ஒரு குரல் சேர்ந்துகொண்டது. மாமி கண்ணைத் திறக்காமல், "யாரது, சுருதி சேரலையே" என்றார். அதில் அவனுக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். பாட்டை விட்டுவிட்டுக் கலசத்துத் தேங்காயை ஒரு தட்டுத் தட்டினான். தேங்காய் படிப்படியாக உருண்டு, செட்டியார் பொம்மையின் மளிகைக்கடையை மொத்தமாகக் காலிசெய்து நின்றது. தேங்காய் போன கலசத்தில் கையை விட்டு அளைந்தான். பிறகு நிதானமாக இறங்கி, மரப்பாச்சி ராஜாவை வாயில் கவ்வி, பட்டு வேட்டியோடு கொண்டுபோய்த் தன் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டான். ராணி படியில் தனியாக நின்றாள்.

மகள் அழுகிற நிலையில் இருந்தாள். மாப்பிள்ளை முழுவதையும் கைபேசியில் பிடித்துவிட்டார். "பாத்தீங்களா மாமா, ஏறும்போது ஒரு பொம்மையைக்கூடத் தட்டலை!" என்றார் என் காதில். உடனே சுதாரித்துக்கொண்டு எல்லாரிடமும், "ரொம்பக் கஷ்டம்ங்க, இவனோட" என்றார்.

வேடிக்கையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். புள்ளியைப் பார்த்து மயங்கி வாங்கி, ஒரு வருஷத்துக்குள் காப்பகத்தில் கொண்டுபோய்விடுகிறவர்களும் உண்டு. இந்தப் பூனைக்குத் தினமும் இரண்டு மூன்று வேளை யாராவது கூட விளையாட வேண்டும். பகலெல்லாம் தனியே அடைத்துப்போட்டால் சுவரில் மூத்திரம் அடிக்கும், கத்தியே கொல்லும். தவறு பூனையுடையது அல்ல. மாப்பிள்ளையை நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் நாலு மணிக்கு எழுந்திருப்பதை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நான் பார்த்தேன்.

மார்ச்சில் ஊர் திரும்பினோம். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் பல் தடம் இருக்கிறது. கடைக்காரர் மாற்றித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். தெருவில் நாலு பேர் கேட்டார்கள், சொன்னேன். ஐந்தாவது ஆள் இன்னும் கேட்கவில்லை.

போன வாரம் மாப்பிள்ளை கூப்பிட்டார். "இவன் துணை இல்லாம ஏங்கறான் மாமா. இன்னொண்ணுக்கு முன்பணம் கட்டிட்டேன். பேரு நீங்கதான் சொல்லணும்."

கங்கைக்குப் பிறகு ராஜேந்திரன் எங்கே கப்பற்படை அனுப்பினான் என்று யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த மாதம் கடாரங்கொண்டான் வருகிறான்.