ஐந்தும் மூன்றும் ஐம்பத்து மூன்று

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி, கற்றுக்குட்டிகளிடம் காட்டும் தாராள மனம் தனித்து ஆராயத்தக்கது. படிவக் கட்டத்தில் பயனர் இடும் 5 எண்ணாக அன்றிச் சரமாகவே, அதாவது எழுத்துகளின் கோவையாகவே நிரலை வந்தடைவதால், அதனுடன் 3ஐக் கூட்டச் சொன்னால் இம்மொழி முகம் சுளிக்காமல் இரண்டையும் ஒட்டவைத்து 53 என்கிறது. கழிக்கச் சொன்னாலோ, கழித்தல் குறிக்குச் சரங்களிடம் வேலையில்லை என்பதால், சமர்த்தாக 2 என்கிறது. (பைத்தான் மொழி இதே இடத்தில் டைப்எரர், அதாவது வகைப்பிழை என்று கறாராக நின்றுவிடும், அதற்குத் தாட்சண்யம் கிடையாது.) நம்பர் என்னும் சார்பால் சரத்தை எண்ணாக மாற்றிக்கொண்டால் கூட்டல் சீராகும், ஆனால், கட்டம் வெறுமையாக இருந்தால் அச்சார்பு 0 என்றும், 'ஐந்து' என எழுத்தில் எழுதியிருந்தால் 'எண் அன்று' எனப் பொருள்படும் நேன் என்றும் கூறும், அந்த நேன் எவ்வகை என்று, வகை சொல்லும் டைப்ஆஃப் கொண்டு விசாரித்தால் வரும் பதில், எண் என்பதே.