படியளப்பவர் மலையேறும் முறை

வடக்குத் தாய்லாந்தின் மலையில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள். மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை, ஓரத்தில் பூப்படம் வரைந்த கடிதம் ஒன்று வருகிறது: "நான் நலம். இங்கே மழை. எனக்குக் கால்பந்து பிடிக்கும்." இவ்வளவு செய்தும் ஒரு பத்தி நன்றி இல்லையே என்று ஒருநாள் மனசு கேட்கும். டிக்கெட் போட வேண்டியது அன்றைக்குத்தான். டிக்கெட் விலையையும் பிள்ளையின் ஒரு வருஷச் செலவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்க்கக் கூடாது. முதல் விதி அது. மீறினால் மேற்கொண்டு படிக்கத் தேவை இருக்காது.

அடுத்து, நாள் பார்ப்பது. உங்களுக்கு எப்போது லீவோ அதுதான் நல்ல நாள். தாய்லாந்துப் பள்ளிகள் மே நடுவில் திறந்து, அக்டோபரில் ஒரு விடுமுறை விட்டு, மார்ச்சில் மூடுகின்றன. ஆகவே ஏப்ரலில் போவது உத்தமம். பிள்ளை தங்கிப் படிக்கும் விடுதியில் பூட்டுத் தொங்கும். பிள்ளைகள் எல்லாரும் அவரவர் மலைக்குப் போயிருப்பார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரிந்து புகை மூட்டம் வேறு. அந்த நாட்களில் சியாங் மாய், உலகத்திலேயே மோசமான காற்றுள்ள நகரங்களின் பட்டியலில் ஏறிவிடும். மலை இருக்கும், தெரியாது. டிசம்பர், ஜனவரியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் என்பதால் படியளப்பவர்கள் எல்லாரும் அப்போதுதான் வருகிறார்கள். அதே பிள்ளைகள் ஒரே வாரத்தில் மூன்று கோஷ்டிகளுக்கு அதே பாட்டைப் பாடுவார்கள். நீங்கள் மூன்றாவதாகப் போங்கள். ஒத்திகை நன்றாக ஆகியிருக்கும்.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மே ஹோங் சோன் சாலையில் 1864 வளைவுகள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை அச்சடித்த டி-சட்டைகூட விற்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வளைவில் வாந்தி எடுத்தீர்கள் என்பதைப் போனதும் பிள்ளையிடம் விவரியுங்கள். அதே மாதிரிச் சாலைகளில் பிக்கப் வண்டியின் பின்னால் துணி மூட்டையோடு உட்கார்ந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்.

பிள்ளை எந்த இனம் என்று விசாரிக்காதீர்கள். "மலைவாசி" என்றால் போதாதா? கரேன், மோங், லாஹு, ஆக்கா, லிசு, மியேன் என்று ஆறு பெரிய கூட்டங்கள் இருப்பதும், கரேன், லாஹு, ஆக்கா, லிசு மொழிகள் பர்மிய, திபெத்திய மொழிகளுக்கு உறவு, மோங்கும் மியேனும் வேறு குடும்பம் என்பதும் உங்களுக்கு எதற்கு? வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் தாய்லாந்து மொழி, சந்தையில் பக்கத்து ஊர்க்காரர்களின் மொழி, இவை போக உங்களுக்காக ஆங்கிலம். "இங்கே மழை" என்ற இரண்டு சொல் உங்களிடம் வந்து சேர்ந்த பாதை இது. பிள்ளை கூச்சப்பட்டுப் பேசாமல் நின்றால், "இங்கிலீஷ் சரியாகச் சொல்லித் தரவில்லையா?" என்று ஆசிரியரை எல்லார் முன்னாலும் கேளுங்கள்.

பெயர் வாயில் நுழையாவிட்டால் சௌகரியமாக ஒன்று வைத்துவிடுங்கள். ஆக்கா குடும்பங்களில் அப்பா பெயரின் கடைசி அசையை எடுத்து மகன் பெயருக்கு முதல் அசையாக வைப்பது வழக்கம். நம் அந்தாதி மாதிரி ஒன்றின் முடிவைப் பிடித்து அடுத்தது தொடங்கும். இப்படியே அறுபது தலைமுறை வரை இழுத்துச் சொல்லக்கூடிய பெரியவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கேட்டால் அத்தைக்கு போன் போட வேண்டிய நிலையில் இருக்கும் நாம், அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடித்து "ஜானி" என்று கூப்பிடலாம். திரும்பிப் பார்க்கும். நல்ல பிள்ளைதான்.

உடை முக்கியம், உங்களுடையதல்ல. பள்ளிச் சீருடையில் நிற்கும் பிள்ளையைப் படமெடுத்து யாரிடம் காட்டுவது? எங்கள் தெருவில் நிற்கிற பிள்ளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பார்கள். வடக்கில் பல பள்ளிகளில் வெள்ளிக்கிழமை பாரம்பரிய உடை நாள். நீங்கள் செவ்வாய்க்கிழமை போய், வெள்ளிக்கிழமை உடையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆக்காப் பெண்களின் தலையணியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெள்ளிக் குமிழ்களுக்கு நடுவே பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களைக் கோத்திருப்பது உண்டு; பிரெஞ்சு இந்தோசீனக் காசுகளும் உண்டு. நம் பக்கத்துப் பணம் உங்களுக்கு வெகுகாலம் முன்பே அந்த மலை ஏறியிருக்கிறது, அதுவும் வியாபாரத்துக்கு. ஒரு குடும்பத்தின் சேமிப்பே அந்தத் தலையில் இருக்கலாம். "ஏழை என்று எழுதியிருந்தீர்களே?" என்று விடுதிக்காரரைத் தனியே அழைத்துக் கேளுங்கள்.

காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம், தேசிய கீதம். பாதியில் கார் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினால் எல்லாரும் கவனிப்பார்கள். பிள்ளைகள் கைகூப்புவார்கள். உலகத்தில் கைகூப்பப் பயிற்சி தேவைப்படாத சில கூட்டங்களில் நாமும் ஒன்று. ஆனாலும் வெளிநாடு என்றதும் கைகுலுக்கத்தான் நீட்டுவோம். பிறகு தலையைத் தடவுங்கள். தாய்லாந்தில் தலை உடம்பின் உயர்ந்த இடம், பிறத்தியார் தொடுவது மரியாதையில்லை. அதனாலென்ன, உங்கள் மனசு சுத்தம்.

பரிசுப் பொருள்களைப் பெட்டி நிறையக் கொண்டுபோய் உங்கள் பிள்ளைக்கு மட்டும், மற்றவர்கள் சுற்றி நிற்கும்போது கொடுக்க வேண்டும். போர்வை வேண்டாம். குளிர் தொடங்கினால் தாய்லாந்துச் சமவெளிக்காரர்களே வண்டி வண்டியாகப் போர்வை ஏற்றி வந்து, கொடுத்து, படமெடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். படியளப்பதில் நமக்குப் போட்டி உள்ளூரிலேயே இருக்கிறது. விடுதிக்காரரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் சலவைத் தூள், சமையல் எரிவாயு, லீவுக்கு ஊர் போக வண்டிக் காசு என்று சொல்லக்கூடும். எதையும் ரிப்பன் கட்டிக் கொடுக்க முடியாது. ஆகவே கேட்காதீர்கள்.

"பெரிய ஆளானதும் என்ன ஆகப் போகிறாய்?" என்ற கேள்வியைத் தவற விடக் கூடாது. டாக்டர் என்று பதில் வரும். முந்தைய கோஷ்டிக்கும் அதுதான் வந்தது. உடனே, "படித்து முடித்ததும் எங்கள் ஊருக்கு வா, சுற்றிக் காட்டுகிறேன்" என்று தாராளமாக அழையுங்கள். பாஸ்போர்ட்டுக்குக் குடியுரிமை வேண்டும், அந்தப் பிள்ளைக்கு அது இருக்கிறதா என்று யோசிக்க வேண்டாம். அந்த மலைகளில் பிறந்தும் எந்த நாட்டுக்கும் பிள்ளையாகாதவர்கள் லட்சக்கணக்கில். காகிதம் இல்லாவிட்டாலும் பள்ளியில் சேர்க்கலாம் என்று 2005இல் தாய்லாந்து அமைச்சரவை முடிவு செய்தது; நல்ல முடிவு, உலகத்தில் பல நாடுகள் செய்யாதது. ஆனால் பள்ளி வாசலைத் தாண்டினால் கதை வேறு. மாகாண எல்லையைக் கடக்க அனுமதி கேட்க வேண்டியிருக்கும். பல வேலைகளுக்கு மனுப் போடவே முடியாது. 2018இல் சியாங் ராய் மாகாணத்தின் தாம் லுவாங் குகையில் வெள்ளத்தில் சிக்கிய பன்னிரண்டு பையன்களையும் பயிற்சியாளரையும் உலகமே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்தது. அவர்களில் மூன்று பையன்களுக்கும் பயிற்சியாளருக்கும் குடியுரிமை இல்லை. தண்ணீரிலிருந்து எழுந்த பிரிட்டிஷ் முக்குளிப்பவர்களிடம் ஆங்கிலத்தில் பேசிய பையன் அந்த மூவரில் ஒருவன். ஆகஸ்டில் அந்த நால்வருக்கும் குடியுரிமை அட்டை கிடைத்தது. குகைக்குள் சிக்காத மற்றவர்கள் காத்திருந்தார்கள். 2024இல்தான் சுமார் 4,83,000 பேருக்குச் சட்டபூர்வ அந்தஸ்து தரும் நடைமுறையை விரைவாக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. உங்கள் பிள்ளையின் மனு எந்த மேஜையில் இருக்கிறது, அதற்கு உதவ வக்கீல் யாராவது உண்டா என்று விடுதியில் விசாரித்தால், நீங்கள் கொண்டுபோன பெட்டியைவிட உபயோகமான காரியமாகிவிடும். அந்த அபாயத்தை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அநாதை என்று நீங்களாக நினைத்திருப்பீர்கள். அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பார், அம்மா சிரிப்பாள். ஊர்ப் பள்ளி ஆரம்ப வகுப்போடு முடிகிறது, மேல்வகுப்புப் பள்ளி மலைக்குக் கீழே, அதனால் விடுதி. பெரும்பாலும் அவ்வளவுதான் கதை. ஆக்கா ஊரின் எல்லையில் மரவாசல் ஒன்று இருக்கும். ஆவிகளின் உலகத்தையும் மனிதர் உலகத்தையும் பிரிப்பது அது, வெளியாட்கள் தொடக் கூடாது. சாய்ந்து நிற்க வாகாக இருக்கும். வீட்டில் கோழி அடிப்பார்கள். உங்களைப் போன்றவர்கள் வரும்போதெல்லாம் ஒரு கோழி என்றால் அந்தக் கணக்கும் முதல் விதியில் சொன்ன கணக்கோடு சேரும். ஒரு காலத்தில் அபின் பூத்த சரிவுகளில், 1969இல் தொடங்கிய அரச திட்டமும் பின்னால் வந்தவையும் ஊன்றிய மாற்றுப் பயிர்களில் அரபிகா காப்பி ஒன்று. அப்பா ஒரு கோப்பை தருவார். சர்க்கரை கேட்காதீர்கள் என்று மட்டும் நிஜமாகவே சொல்கிறேன். காப்பி நன்றாக இருக்கும்.

நீங்கள் பணம் அனுப்பும் அமைப்பு ஒழுங்கானதாக இருந்தால் உங்களிடம் போலீஸ் சான்று கேட்பார்கள், பிள்ளையோடு தனியே விடமாட்டார்கள், போன் எண் பரிமாறக் கூடாது என்பார்கள், ஊர்ப் பெயரோடு படம் போடாதே என்பார்கள். காசும் கொடுத்துச் சந்தேகமுமா என்று கோபம் வரும். வரட்டும். எந்தக் கேள்வியும் கேட்காமல், "கூட்டிப் போங்கள், சாயங்காலம் கொண்டுவந்து விடுங்கள்" என்று பிள்ளையை ஒப்படைக்கும் இடம் ஒன்று கிடைத்தால் அன்றைக்கே பணத்தை நிறுத்திவிட்டு, அந்த இடத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் புகார் சொல்லுங்கள்.

தாய்லாந்தில் கட்டாயக் கல்வி ஒன்பது வருஷம். அது முடிந்ததும், "உங்கள் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டு சியாங் மாயில் ஒரு காப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்" என்று அமைப்பிலிருந்து கடிதம் வரலாம். டாக்டர் என்றாளே! ஏமாற்றப்பட்டதாக இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். அடுத்த தடவை அந்தப் பக்கம் போக நேர்ந்தால் கடையைத் தேடிப் பிடித்துப் போய் உட்காருங்கள். என்ன வேண்டும் என்று அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "நான்தான் உன்னைப் படிக்க வைத்தேன்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். பின்னால் வரிசையில் ஆள் நிற்கும். காப்பிக்குக் காசு வாங்க மாட்டாள். கொடுத்துவிட்டு வாருங்கள்.