சித்தப்பா போன ஃபாரினும் நான் போன ஃபாரினும்

மும்பை தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வரிசையில் ஃபாரினுக்கு ஆள் அனுப்பாத வீடு ஒன்றிரண்டுதான் இருக்கும். டூர் போன வீடு ஒன்றுகூடக் கிடையாது. ஃபாரின் என்றால் மஸ்கட், தம்மாம், துபாய், குவைத். போகிறவர் கொத்தனார், வெல்டர், ஃபிட்டர் அல்லது டிரைவர். திரும்பி வந்தவரிடம் அங்கே பார்க்க என்னென்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. எவ்வளவு கொண்டுவந்தார், எப்போது மறுபடி போகிறார் என்ற இரண்டு கேள்விதான்.

இப்போது யூடியூபைத் திறந்தால், முதுகுப்பை மாட்டிய தம்பி ஒருவர் தனியாக உலகம் சுற்றுவதற்கான ரகசியங்களை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். பணத்தைப் பிரித்து வை, காகிதங்களுக்கு நகல் எடு, உள்ளூர் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள். இதில் முக்கால்வாசி, 1980-களில் எங்கள் குழாயடியில் குடம் நிரம்புவதற்குள் பேசி முடிக்கப்பட்டவை. லைக் போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கேம்பில் இருந்தவர்களில் சுற்றிப் பார்க்கப் போனவர் ஒருவர் உண்டு. தமிழர் இல்லை, மராட்டியர்: அண்ணாபாவ் சாத்தே. பள்ளிக்கூடம் ஒட்டாமல், சிறுவனாகவே வாட்டேகாவ் கிராமத்திலிருந்து பம்பாய்க்கு நடந்து வந்தவர். 1940-களில் இதே லேபர் கேம்பில் கம்யூனிஸ்ட் கட்சி வேலையும் பாட்டுமாக இருந்தார். 1944-ல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் லால் பாவ்டா கலாபதக் என்ற கலைக்குழுவைத் தொடங்கினார். 1961-ல் சோவியத் ரஷ்யா போய்வந்து மராத்தியில் ஒரு பயண நூலும் எழுதினார். 2022-ல் மாஸ்கோவில் அவருக்குச் சிலை திறந்தார்கள். எங்கள் கேம்பில் வாழ்ந்து வெளிநாடு போனவர்களில் அங்கே சிலையாக நிற்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டரோடு திரும்பி வந்தார்கள்.

எங்கள் சித்தப்பா அந்த இரண்டாம் ரகம். அவர் பாஸ்போர்ட்டுக்கு அலைந்த காலத்தில், குடிசைப் பகுதிக்காரன் முகவரியை நிரூபிக்க ரேஷன் கார்டை விட்டால் வேறு கதி இல்லை. போலீஸ் விசாரணைக்கு ஆள் வந்தால் வரிசையே எழுந்து நின்று, ஆமாம், இவர் இங்கேதான் இருக்கிறார் என்று சாட்சி சொல்லும். 1978-ல் மேனகா காந்தி வழக்கில், வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு எங்கள் சந்துக்கு வந்து சேருமுன் ஏஜெண்ட் வந்து சேர்ந்துவிட்டார். 1983-ல் குடியேற்றச் சட்டம் வந்தது. படிப்புக் குறைந்தவர்கள் வளைகுடாவில் ஏமாந்துபோகாதபடி காப்பதற்காக, அனுமதி முத்திரை வாங்கித்தான் போகவேண்டும் என்றது. ஏமாறாமல் காக்கும் அந்த முத்திரைக்கும் ஏஜெண்ட் தனியாக ஒரு ரேட் வைத்திருந்தார். சித்தியின் தாலிக்கொடி சேட்டுக் கடைக்குப் போனது. சித்தப்பா சஹார் விமான நிலையத்துக்குப் போனார்.

புறப்படும் முந்தின நாள் பெட்டி கட்டியது ஒரு தனி வைபவம். அட்டைப்பெட்டியில் ஊறுகாய், பருப்புப்பொடி, ஆச்சி அரைத்த கறிமசாலா எல்லாம் ஏறிவிட்டன. நைலான் கயிறு சுற்றும் நேரத்தில், சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி உள்ளே வந்தார். மசாலாப் பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தார்.

"ஆச்சி, இதுல கசகசா கெடக்கா?"

"கசகசா இல்லாம அது என்னடே மசாலா?"

அண்ணாச்சி சித்தி பக்கம் திரும்பினார். "ஏம்மா, அங்க இத கஞ்சா மாரி பாக்கான். ஒன் வீட்டுக்காரரு மசாலாக்காவ செயிலுக்குப் போணுமா?"

பொட்டலம் வெளியே வந்தது. ஆச்சி இரண்டு நாள் அண்ணாச்சியோடு பேசவில்லை. ஆனால் அவர் சொன்னது இன்றைக்கும் செல்லும். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். நம் ஊரில் டாக்டர் எழுதித்தரும் சில வலி மாத்திரைகளும் அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. மருந்துச் சீட்டு இல்லாமல் மாத்திரை கொண்டுபோகாதீர்கள். மசாலாவை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி என் ஃபாரின். அமெரிக்கத் துணைத் தூதரகம் முன்பு பிரீச் கேண்டியில், கடற்கரைப் பணக்காரர்கள் மத்தியில் இருந்தது. 2011-ல் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்சுக்கு மாறி வந்தது. அதாவது மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா, இந்தப் பக்கம் தாராவி. வேறு சில நாடுகளின் விசா விண்ணப்ப மையங்களும் அங்கேதான். சயான் சிக்னலில் ஆட்டோ பிடித்தால் ஐரோப்பா வாசலில் இறங்கலாம். மீட்டர் கட்டணம்தான்.

உள்ளே போனால் ஒரு கட்டுக் காகிதம் கேட்கிறார்கள். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாள், ஆபீஸ் லீவு கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, போக வர டிக்கெட் பதிவு. எல்லாம் எதற்கென்றால், நான் திரும்பி வந்துவிடுவேன் என்பதற்கு. சித்தப்பாவிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவர் எப்போது திரும்பவேண்டும் என்பதை அவருடைய முதலாளியே முடிவு செய்தார். நான் கேம்பைப் பிரிந்து இருக்கமாட்டேன் என்று நிரூபிக்க இத்தனை தாள் வேண்டியிருக்கிறதே என்று எனக்குத்தான் சிரிப்பு.

ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். கெடுவரைக்கும் காத்திருக்கவேண்டாம், கோடைக்காலத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. விசா கைக்கு வருமுன் ரத்துசெய்ய முடியாத டிக்கெட்டையோ அறையையோ வாங்காதீர்கள். பாஸ்போர்ட் செல்லுபடியாக ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும்.

தமிழனுக்கென்று தனியாக ஒரு வில்லங்கம் உண்டு, இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்தைச் சுமந்து காலத்தை ஓட்டிவிடுவோம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் விடமாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தபோது, விமான நிலையங்களில் திகைத்து நின்றவர்களில் நம் ஆட்கள் நிறைய. பிறகு பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். புதுப்பிக்கும்போது இனிஷியலை விரித்து எழுதி, இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள். டிக்கெட்டிலும் விசாவிலும் அதே பெயர், அதே எழுத்து.

பணம். சித்தப்பா காலத்தில் 1973-ன் ஃபெரா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் ஆண்டது; சட்டைப்பையில் டாலர் இருந்தாலே கடத்தல்காரனைப்போலப் பார்ப்பார்கள். இன்று ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்புத் திட்டத்தில் ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். எங்கள் வரிசைக்கு அனுமதி வந்துவிட்டது, டாலர்தான் இன்னும் வரவில்லை. சிங்கப்பூர், அமீரகம், இலங்கை, மொரீஷியஸ், நேபாளம் போன்ற நாடுகளில் சில இடங்களில் நம் யு.பி.ஐ.யும் வேலை செய்கிறது. ஆனாலும் கார்டு ஒன்றுக்கு இரண்டாக, வேறு வேறு பையில் வையுங்கள். கடை மெஷின் மிகுந்த அன்போடு, ரூபாயிலேயே கட்டுகிறீர்களா என்று கேட்கும். மறுத்து, உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய்க் கணக்கில் அவர்கள் வைக்கும் மாற்று விலை பெரும்பாலும் நம் தலையில்தான் விடியும்.

தொடர்பு. சித்தப்பா கேசட்டில் பேசி அனுப்புவார். லீவில் வருகிற யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் கோலியில் (அறையில்) அதைப் போட்டால் கதவருகே பத்துப் பேர் நிற்பார்கள். சித்திக்கென்று அவர் சொல்ல நினைத்ததை அந்தப் பத்துப் பேரையும் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார்? வெயில் ஜாஸ்தி, சாப்பாடு பரவாயில்லை என்றே இரண்டு பக்கமும் ஓடி முடியும். நான் இ-சிம் போட்டு, ஹனோயில் குடித்த காப்பியை ஆறுவதற்குள் வீட்டுக்குப் படம் அனுப்புகிறேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வருகிறது. போனை நம்பிப் போகிறவர்களுக்கு அண்ணாச்சியின் இன்னொரு பாடம்: "ஒரு போன் நம்பரையாவது மனசுல எழுதி வையிடே." பேட்டரி தீர்ந்த போனோடு அந்நிய ஊரில் நிற்கும்போது இதன் அருமை தெரியும். தங்குமிட முகவரி, வீட்டு எண், இந்தியத் தூதரக எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பையில் போடுங்கள்.

நாங்கள் வெளியே போகக் கற்றுக்கொண்ட காலத்தில் வெளியே இருப்பவர்கள் இங்கே வர ஆரம்பித்துவிட்டார்கள். 2008-ல் ஸ்லம்டாக் மில்லியனர் படம் வந்தபின் தாராவி உலகச் சுற்றுலாத் தலம். 2019-ல் டிரிப்அட்வைசர் பட்டியலில் தாராவிச் சுற்றுலா தாஜ்மகாலையே முந்திவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. 90 ஃபீட் ரோட்டில் தண்ணீர் பாட்டிலோடு வரிசையாக நடக்கிறார்கள். சித்தப்பா மகன் கடையில் கட்டிங் சாய் குடித்துவிட்டு, இங்கே எல்லோரும் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று வியக்கிறார்கள். உழைக்காமல் இங்கே வாடகை எப்படிக் கொடுப்பது என்று அவன் கேட்டதை வழிகாட்டி மொழிபெயர்க்கவில்லை.

சித்தப்பாவுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் விசாவோ டாலரோ பெட்டியோ இல்லை. இறங்கிய அன்றே அவருடைய பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டிவைத்தார். இடையில் அவருடைய அம்மா, எங்கள் ஆச்சி, இறந்தபோது அதைக் கேட்டார், கிடைக்கவில்லை. ஆச்சியின் காரியத்துக்கு அவர் அனுப்பியது ஒரு கேசட். நான் எந்த ஊரில் அறை எடுத்தாலும், ரிசப்ஷனில் பதிவு முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. நகல் போதும் என்றால் நகல்தான் கொடுப்பேன். உலகம் சுற்றியதில் நான் தெரிந்துகொண்ட சுதந்திரம் இவ்வளவுதான்: பாஸ்போர்ட் என் பையில் இருப்பதால், நாளைக்கே திரும்பலாம்.

இந்திய பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. முதலாளி அதைப் பிடித்து வைப்பது அமீரகம் உட்பட வளைகுடா நாடுகள் பலவற்றில் சட்டவிரோதம். கேம்பிலிருந்து இன்றும் பையன்கள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டாருக்கும் சொல்ல இருப்பது இது: ஏஜெண்ட் கையில் பணம் வைக்குமுன், அவருடைய பதிவு எண் உண்மையா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது.